பெரிய டயர் போட்ட பிக்அப் இழுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து ஆக்சில் கியரைத் தேர்ந்தெடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் பிக்அப்புக்கு 33 இன்ச் மட் டயர் போடுவது இப்போது சர்வசாதாரணம். மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுப் பாதையில் வண்டியின் வயிறு தட்டாமல் போக வேண்டும், குலை ஏற்றிய வண்டி சேற்றில் புதையக் கூடாது. நியாயமான காரணம்தான். டயர் மாட்டிய கொஞ்ச நாளில் பட்டறை வாசலில் பேச்சு வேறாகிவிடும்.

"அண்ணே, டயர் மாத்துனதிலிருந்து வண்டி இழுக்கல. டிஃப் கியர் மாத்தணும்."

"எந்த கியர் தம்பி?"

"4.88. எல்லாரும் அதான் போடுறாங்க."

எல்லாரும் போடுவது அவரவர் வண்டிக்கு. பெரிய டயரால் வரும் தொந்தரவு ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு ஏற்றத்தில் மட்டும், சிலருக்கு நெடுஞ்சாலையில் மட்டும், சிலருக்கு டீசல் செலவில். இவற்றில் சிலவற்றுக்கு டிஃப்பை, அதாவது ஆக்சிலில் இருக்கும் டிஃபரென்ஷியலை, தொடவே வேண்டியதில்லை. கீழே அறிகுறி வாரியாகப் போகலாம். உங்கள் வண்டியின் அறிகுறிக்கு நேராகத் தாவிப் படிப்பதில் தப்பில்லை, ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

அளவெடுக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்

டிஃப்புக்குள் இருக்கும் கிரவுன் சக்கரத்தின் பற்களை பினியன் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆக்சில் விகிதம். 43 பல் கிரவுன், 11 பல் பினியன் என்றால் 3.909. 41-க்கு 10 என்றால் 4.100. 41-க்கு 9 என்றால் 4.556. எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும். எண் சிறிதானால் நேர்மாறு.

உங்கள் வண்டியில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது? டொயோட்டா வண்டிகளில் எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் ஆக்சில் குறியீடு இருக்கும். உதிரிபாகக் கடைக்காரரிடம் அதைச் சொன்னால் விகிதத்தைச் சொல்லிவிடுவார். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் மேனுவல், ஆட்டோவுக்கும் விகிதம் மாறும். அதனால் பக்கத்து வீட்டு ஹைலக்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் தகட்டையும் நம்ப வேண்டாம். போத்தோங் கடையிலிருந்து (பழைய வண்டிகளைக் கழற்றி உதிரிபாகம் விற்கும் கடை) வந்த டிஃப் எப்போதோ மாறியிருக்கலாம். கையால் எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவது எளிது. சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். கியர் நியூட்ரலில், கைபிரேக் விட்டிருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தை முழுதாக 2 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால்தான் 2 சுற்று. ஆனால் 3.909-க்கும் 4.100-க்கும் உள்ள வித்தியாசம் இதில் கண்ணுக்குத் தெரியாது. 20 சுற்று சுற்றுங்கள்: ஷாஃப்ட் 39 சுற்றுக்குச் சற்று மேல் போனால் 3.909, சரியாக 41 என்றால் 4.100. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, எண்ணுவதற்கு இன்னொருவரைக் கீழே உட்கார வையுங்கள். டிஃப் லாக் போட்ட வண்டிக்கும் எல்எஸ்டி (சக்கரம் தனியாக வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) உள்ள வண்டிக்கும் இந்த முறை ஒத்துவராது. அவற்றில் இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, இரண்டையும் சேர்த்துச் சுற்றி, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்து விட்டத்தைக் கணக்கிடலாம். 265/65ஆர்17 என்றால் 776 மி.மீ. 255/70ஆர்15 என்றால் 738. 285/75ஆர்16 என்றால் 834, 285/70ஆர்17 என்றால் 831. இந்த இரண்டையும்தான் நம் ஆட்கள் 33 என்கிறார்கள். 31 இன்ச் என்பது பெயரளவில் 787.

இந்த எண்களைச் சற்று நேரம் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்தே 265/65ஆர்17 போட்டு வந்த வண்டிக்கு 31 இன்ச் டயர் போட்டால் உயர்வு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதற்கு கியர் மாற்றுவது வீண் செலவு. அதே 31-ஐ 255/70ஆர்15-உடன் வந்த வண்டிக்குப் போட்டால் 6.6 சதவீதம், 33 போட்டால் 13 சதவீதம். 'எத்தனை இன்ச் டயர்' என்ற கேள்வி மட்டும் போதாது. எதிலிருந்து எதற்கு மாறினீர்கள் என்பதுதான் கணக்கு.

கணக்கு இவ்வளவுதான்: பழைய விகிதத்தைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுக்கவும். 3.909 ஆக்சில் வண்டி 776 டயரிலிருந்து 834-க்கு மாறினால், 3.909 × 834 ÷ 776 = 4.20. கீழே வரும் எண்களும் இந்த வண்டியை வைத்துத்தான். பழையபடி வண்டி ஓட வேண்டுமானால் 4.20-க்கு அருகில் ஒரு விகிதம் தேவை.

டயரை உண்மையில் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. பாரம் ஏற்றிய டயர் கொஞ்சம் அமுங்கும். 33 என்று விற்பதெல்லாம் 33 இருப்பதுமில்லை. காற்றைச் சரியாக அடைத்து, வழக்கமான பாரத்தோடு, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, 5 முழுச் சுற்று நேராக உருட்டி, தூரத்தை டேப்பால் அளந்து 5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய டயர் இன்னும் கையில் இருந்தால் அதையும் அப்படியே அளங்கள். இரண்டு சுற்றளவுகளை ஒப்பிட்டால் போதும், விட்டமே தேவையில்லை.

டயர் மட்காடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, வண்டியை லிஃப்ட் செய்திருந்தாலோ ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதியை முதலில் பார்த்துவிடுங்கள். கியருக்குக் காசு போட்ட பிறகு டயரைக் கழற்றச் சொன்னால் எல்லாம் போச்சு.

நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது திணறுகிறது, கிளட்ச் தீய்ந்த வாடை

டயர் மாற்றிய அன்றிலிருந்தே இப்படியா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? அன்றிலிருந்தே என்றால் டயர்தான் காரணம். படிப்படியாக வந்திருந்தால் கியரைக் குறை சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கசிவு, சேறு அடைந்து பிடித்துக்கொண்ட பிரேக், தேய்ந்த கிளட்ச் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். டர்போ ஹோஸ் கிழிந்தால் பெரும்பாலும் கரும்புகை வரும். ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடவில்லை. கிளட்சைச் சோதிக்க, ஐந்தாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இதெல்லாம் நன்றாக இருந்தால், இழுவை 7 சதவீதம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பாரத்தோடு மொத்த எடை 2.7 டன் உள்ள வண்டிக்கு அது 200 கிலோ கூடுதல் சுமைக்குச் சமம். 50 கிலோ உரமூட்டை நான்கை இறக்கவே இறக்காமல் எப்போதும் சுமந்துகொண்டு திரிவது போல்.

தோட்டத்து மண் பாதையில் மட்டும்தான் இந்தத் திணறலா? அப்படியானால் முதலில் ஃபோர்-லோவை (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) பயன்படுத்துங்கள். வண்டி புதைந்தால் மட்டும்தான் அதைப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வழுக்கும் செம்மண் ஏற்றத்தில் பாரத்தோடு நின்று எடுக்க வேண்டிய இடத்தில் லோ போடுவதுதான் முறை. கிளட்ச் உங்களை வாழ்த்தும். காய்ந்த தார்ச் சாலையில் மட்டும் போடாதீர்கள்.

டர்போ இல்லாத பழைய டீசல் ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி அதில் கியர் வகை, லோ விகிதம் 2.28. அதை 4.7 ஆக்கும் கியர் செட் சந்தையில் கிடைக்கிறது. சேற்றுக்கும் பள்ளத்துக்கும் மட்டும் வண்டி வைத்திருப்பவருக்கு முன்னும் பின்னும் டிஃப் மாற்றுவதைவிட இது அர்த்தமுள்ள செலவு. தார்ச் சாலையில் எந்த மாற்றமும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிங்லெட் ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கவில்லை. ஆட்டோ கியர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

கியர் மாற்றத் தகுதியான உண்மையான அறிகுறி இதுதான் என்பது என் கருத்து. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் 59-ஆம் எண் சாலை நமக்கெல்லாம் இலவசச் சோதனைக்கூடம். வளைவுக்கு வளைவு வேகம் குறையும், உடனே ஏற்றம் வரும், முன்னால் லோரி இருந்தால் முந்தவும் முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்று சுற்றுமானியைப் பார்த்துக் கவனியுங்கள்.

ஹைலக்ஸின் 2.5 லிட்டர் 2கேடி எஞ்சினின் 102 குதிரைசக்தி வகை தன் உச்ச இழுவையான 260 நியூட்டன் மீட்டரை 1,600 முதல் 2,400 சுற்று வரைதான் தரும். 3.0 லிட்டர் 1கேடி, மேனுவல் வண்டியில், 343 நியூட்டன் மீட்டரை 1,400 முதல் 3,400 வரை விரித்துத் தரும். முதல் எஞ்சினுக்குப் பட்டை குறுகல். மூன்றாம் கியரில் 1,500-க்குக் கீழே விழுந்தால் டர்போ தூங்கிவிடும், இரண்டாம் கியருக்கு இறக்கினால் சுற்று எகிறிவிடும். பெரிய டயர் இந்த இடைவெளியில் வண்டியைச் சரியாகக் கொண்டுபோய் மாட்டிவிடுகிறது. அதனால் அதே டயர், அதே விகிதம் இருந்தாலும் 3.0 வைத்திருப்பவர் 'எனக்கு ஒன்றும் தெரியலையே' என்பார், 2.5 வைத்திருப்பவர் புலம்புவார். இருவர் சொல்வதும் உண்மை.

ஆட்டோவில் இன்னொரு நுணுக்கம். முள் சில நூறு சுற்று மட்டும் மேலும் கீழும் ஆடினால் அது கியர் மாறுவது அல்ல, டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்) பிடிப்பதும் விடுவதும். சுற்று பெரிதாக எகிறினால்தான் கியர் இறங்குகிறது. லாக்-அப் அடிக்கடி விட்டுப் பிடித்தால் கியர்பெட்டி எண்ணெய் சூடாகும். பாரத்தோடு மலை ஏறுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கியர் மாற்றும்வரை டி-யில் விட்டு ஓட்டாமல் ஒரு கியர் கீழே பிடித்து ஓட்டுங்கள். அப்படிப் பிடித்து ஓட்டியதுமே தொந்தரவு முழுதாகத் தீர்ந்து, மலைக்கு எப்போதாவதுதான் போவீர்கள் என்றால், காசைச் சேமியுங்கள்.

வாரத்துக்கு நாலு தடவை காய்கறிக்கும் உரத்துக்கும் மேலே போய் வருபவர் என்றால் கணக்கில் வந்த 4.20-ஐ எடுத்து அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியர் செத்துக் கிடக்கிறது

தாப்பா டோலில் ஏறித் தெற்கே போகிறீர்கள். 90-ல் ஐந்தாம் கியர் போட்டால் எஞ்சின் முனகுகிறது, சின்ன மேட்டுக்கும் நாலாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஐந்து கியர் வண்டி நாலு கியர் வண்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வேகத்தை 5.305-ஆல் பெருக்கி, அதைக் கியர்பெட்டி விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுக்கவும். விட்டம் மீட்டரில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஐந்தாம் கியர் 0.85 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள்.

776 டயர், 3.909 ஆக்சில்: மணிக்கு 90 கி.மீ.-ல் சுமார் 2,040 சுற்று, 110-ல் 2,500.

834 டயர், அதே 3.909: 90-ல் 1,900, 110-ல் 2,325.

834 டயர், 4.100: 90-ல் 1,995, 110-ல் 2,440.

834 டயர், 4.556: 90-ல் 2,215, 110-ல் 2,710.

இனி முடிவு உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. கணக்கு 4.20 கேட்டாலும், கடையில் 4.20 என்று ஒன்று கிடைக்காது. கிடைக்கும் படிகளில்தான் நிற்க முடியும்: 4.100, 4.300, 4.556, 4.875 (4.88 என்பது இதுதான்) என்று போகும், உங்கள் டிஃப்புக்கு இதில் எது உண்டோ அது. 4.100 போட்டால் பழைய நிலைக்கு இரண்டரை சதவீதம் குறைவாக நிற்பீர்கள். பெரும்பாலும் வெறும் வண்டியோடு நெடுஞ்சாலையில் போய்வரும் 3.0 எஞ்சினுக்கு இது போதும், சத்தமும் இருக்காது. தொழிற்சாலையே போட்ட விகிதம் என்பதால் வேறொரு ஹைலக்ஸிலிருந்து கழற்றிய முழு டிஃப் போத்தோங் கடையில் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. அதை வாங்கி அப்படியே மாட்டுவது, புது கிரவுன், பினியனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து அமைப்பதைவிட எளிது. ஆனால் வாங்கும்முன் கடையிலேயே பற்களை எண்ணுங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

2.5 எஞ்சின், பின்னால் எப்போதும் பாரம், மலையும் மண்ணும்தான் வேலை என்றால் நான் 4.556 பக்கம் சாய்வேன். கணக்கைவிட 8 சதவீதம் அதிகம்தான். ஆனால் மட் டயர் விட்டத்தில் மட்டும் பெரிதில்லை, எடையும் கூடியது. அதைச் சுழற்றி எடுக்கவே எஞ்சினுக்குத் தனி உழைப்பு. லிஃப்ட் செய்த வண்டிக்குக் காற்று எதிர்ப்பும் கூடும். கணக்குச் சூத்திரத்தில் இவை இரண்டும் வராது. பாரம் சுமப்பவர் கணக்கைவிட ஒரு படி மேலே போவது தவறில்லை என்பது இதனால்தான். 110-ல் 2,710 சுற்று ஒரு டீசலுக்குத் தாங்கக்கூடியதே. தினமும் கோலாலம்பூர் போய்வருபவருக்கு மட்டும் அலுப்பாக இருக்கும்.

அப்போது 4.88-ஐ ஏன் நேராகப் போடக் கூடாது? 35 இன்ச் டயருக்கும், சிறிய எஞ்சினுக்கும், தார்ச் சாலையைத் தொடாத வண்டிக்கும் போடலாம். ஆனால் பினியன் பற்களைப் பாருங்கள். 3.909-ல் 11, 4.100-ல் 10, 4.556-ல் 9, 4.875-ல் 8, 5.29-ல் 7. கிரவுன் அளவு அதேதான். பினியன்தான் சுருங்கிக்கொண்டே போகிறது. சின்ன பினியனில் பல் குறைவு, பிடிமானமும் குறைவு. சேற்றில் சுழலும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடிக்கும் கணத்தில் உடைவது அதுதான். தேவைக்கு மேல் எண்ணை ஏற்றினால் விலை உறுதியில் கழிகிறது.

இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கவில்லை, பிரேக் வாடை வருகிறது

இதை யாரும் பட்டறையில் சொல்வதே இல்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் ஆபத்தானது. டயர் உயர்ந்ததும் எஞ்சின் பிரேக் 7 சதவீதம் குறைகிறது. பிரேக் பிடிக்கும் பலமும் அதே அளவு குறைகிறது, ஏனென்றால் டிஸ்க் அதே அளவு, டயரின் ஆரம் மட்டும் நீண்டுவிட்டது. ரிங்லெட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது முன்பு மூன்றாம் கியரில் வந்த இடத்தில் இப்போது இரண்டாம் கியரில் வாருங்கள். ஆக்சில் விகிதம் மாற்றினால் எஞ்சின் பிரேக் திரும்பக் கிடைக்கும். சக்கரத்துப் பிரேக்கின் பலம் திரும்பாது. அதற்கு நல்ல பேட், புது பிரேக் எண்ணெய், குறைந்த வேகம்.

டீசல் அதிகம் குடிக்கிறது

குடிக்கிறதா, அப்படித் தெரிகிறதா? ஓடோமீட்டர் பழைய டயரை நினைத்துக்கொண்டே எண்ணுகிறது. உண்மையில் 10 கி.மீ. போனால் அது 9.3 என்று காட்டும். 60 லிட்டரில் 500 கி.மீ. ஓடியதாகக் காட்டினால் உண்மையில் ஓடியது 537. லிட்டருக்கு 8.3 என்று நீங்கள் வருத்தப்படுவது உண்மையில் கிட்டத்தட்ட 9. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் பலகைகளை வைத்து 10 கி.மீ. ஓட்டிப் பார்த்தால் உங்கள் வண்டி எவ்வளவு தப்பாக எண்ணுகிறது என்று தெரிந்துவிடும்.

திருத்திய பிறகும் செலவு கூடியிருந்தால் அது மட் டயரின் உருளும் எதிர்ப்பு, எடை, காற்று ஆகியவற்றின் பங்கு. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் கூடும். டீசலை மிச்சப்படுத்த மட்டும் கியர் மாற்றாதீர்கள், போட்ட காசு திரும்பி வராது.

ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது

வேகத்தைக் கியர்பெட்டியின் வெளிப்பக்கத்திலிருந்து எடுக்கும் வண்டியில், ஆக்சில் கியர் மாற்றினாலே இது சரியாகிக்கொண்டு வரும். 834 டயருக்கு 4.100 போட்டால் இரண்டரை சதவீதம்தான் மிச்சம். 4.556 போட்டால் தலைகீழாகிவிடும்: முள் 110 காட்டும்போது நீங்கள் போவது 101. சக்கரத்து ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில் ஆக்சில் கியருக்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்லை. டயர் அளவைக் கணினியில் திருத்தவோ, இடையில் ஒரு திருத்தக் கருவி மாட்டவோ வேண்டும். வேகக் கேமராவுக்கு உங்கள் முள் சாட்சி ஆகாது, ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் மாற்றிய பிறகு ஊளைச் சத்தம்

முதலில் அது டிஃப்தானா என்று உறுதி செய்யுங்கள். மட் டயர் போட்டவுடனே ஒரு ஊளை வரும். பலர் அதை டிஃப் தலையில் கட்டுகிறார்கள். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தம் மாறினால் டயர். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது மாறினால் டிஃப். வளைவில் வண்டி சாயும்போது ஒரு பக்கம் கூடினால் வீல் பேரிங்.

டிஃப் என்று முடிவானால், அழுத்தும்போது மட்டும் ஊளையா, விடும்போது மட்டுமா, இரண்டிலுமா என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கிரவுனும் பினியனும் சந்திக்கும் ஆழம் தவறினால் அழுத்தும்போதோ விடும்போதோ, ஒன்றில் சத்தம் தனித்துத் தெரியும். விடும்போது மட்டும் வந்தால் பினியன் நட்டும் பினியன் பேரிங்கின் இறுக்கமும் தளர்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லா நிலையிலும் உறுமினால் பேரிங். பொருத்திய மெக்கானிக்கிடம் பற்களின் இடைவெளி எவ்வளவு வைத்தார் என்று கேளுங்கள். டொயோட்டாவின் இந்த வகை டிஃப்புகளுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. டயல் கேஜ் இல்லாமல், கையால் ஆட்டிப் பார்த்து 'ஓகே லா' என்றால், வேலையை அங்கே கொடுத்திருக்கவே கூடாது. பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்தத் தடத்தை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

புது கியரைப் பழக்குவதும் முக்கியம். முதல் ஓட்டம் 15, 20 நிமிடம், பாரம் இல்லாமல், மிதமான வேகத்தில். பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். இதைச் சில தடவை செய்யுங்கள். முதல் 800 கி.மீ. வரை குலை ஏற்றவோ டிரெய்லர் இழுக்கவோ வேண்டாம். அது முடிந்ததும் எண்ணெயை மாற்றுங்கள். ஜிஎல்-5 தரம் கட்டாயம். பழக்காமல் முதல் நாளே ரிங்லெட் ஏற்றினால் பற்கள் நீலம் பூத்துவிடும். அதன் பிறகு வரும் ஊளையை எந்த ஷிம்மும் சரிசெய்யாது.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எண்ணெயைக் கழற்றும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தோட்டத்துப் பாரிட்டை (வாய்க்கால்) கடக்கும்போது சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்து, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயை ஒரு ஹோஸால் நீட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது.

ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது, லீவர் திரும்ப வரவில்லை

பின்பக்கம் மட்டும் கியர் மாற்றி, முன்பக்கத்தைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்களுக்கு வருவது இது. பின்னால் 4.556, முன்னால் 3.909 என்றால் ஒரே தூரத்துக்கு இரண்டு ஷாஃப்டும் வேறு வேறு சுற்று சுற்ற வேண்டும். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஏதாவது ஒன்று வழுக்கியாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கும், கெட்டித் தரையில் செயினோ கியரோ யூ-ஜாயின்ட்டோ உடையும். சில தொழிற்சாலைகளே முன்னும் பின்னும் 4.09-உம் 4.10-உம் போட்டதுண்டு. ஒரு சதவீதத்துக்கும் குறைவான அந்த வித்தியாசத்தைக் காட்டி, 17 சதவீதத்தை யாராவது நியாயப்படுத்தினால் கேட்காதீர்கள்.

விலை கேட்கும்போதே இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள ஹைலக்ஸில் முன் டிஃப்பின் கிரவுன், பினியன் பின்பக்கத்துக்குப் பொருந்தாது. தனியாக வாங்க வேண்டும். பின்பக்கத்துக்குக் கிடைக்கும் விகிதம் முன்பக்கத்துக்கும் கிடைக்கிறதா என்பதை உறுதி செய்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

இப்போதே லீவர் மாட்டிக்கொண்டிருந்தால், பலமாக இழுக்காதீர்கள். வண்டியைப் புல்தரையிலோ மணலிலோ கொண்டுபோய் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள். இறுக்கம் தளர்ந்ததும் லீவர் வந்துவிடும். வராவிட்டால் ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால் முறுக்கு விடுபடும். தூக்கும்போது சக்கரம் சட்டென்று சுழலக்கூடும், கையை வைக்காதீர்கள். முன் டிஃப் வேலை முடியும்வரை முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்துப் போய், மழையில் தெரியாமல் ஃபோர்-ஹை போட்டாலும் ஒன்றும் உடையாது.